ஓரமாக நகர்த்தி வைத்த முக்காலி

திரை கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், இன்னும் சிறிது நேரம் அப்படித்தான் இருக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அமுதவல்லி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த மறுகணமே மடிமேல் கிடந்த டேப்லெட்டை மீண்டும் குனிந்து பார்த்தாள். கேமரா மேலே, மொட்டைமாடியில், முக்காலியின்மீது நிற்கிறது. அதன் முகப்பில் கட்டியிருக்கும் வடிகட்டித் தாள் சூரியனைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது; மேகத்தையும் விடாது, காக்கையையும் விடாது. கிரகணம் பிடித்த சூரியனோ அந்தச் சட்டகத்துக்குள் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே கேமரா காண்பது கறுப்பு, காற்றின் வழியாகக் கீழே அனுப்புவது கறுப்பு, கதவு சாத்திய அறைக்குள் அவள் பெற்றுக்கொள்வதும் கறுப்பு. இதில் எங்கும் பிழை இல்லை. நேற்றுக் காலை மாடிக்குச் சென்று, வளையம் தோன்றப்போகும் வேளையில் சூரியன் எங்கே நிற்கும் என்று பார்த்து, அந்த இடத்தைச் சட்டகத்தின் நடுவில் வாங்கி, திருகுகளை இறுக்கி, முக்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தவள் அவள்தான். சூரியன் கீழ் மூலையில் நுழைந்து, தானாக ஏறி வந்து, நடுவை அடையும்போது சந்திரன் அதன் நெஞ்சில் பொருந்தியிருக்கும். விளிம்பு மட்டும் நெருப்பு வளையமாக எஞ்சும். அப்போது அவள் இந்தத் திரையிலுள்ள வெள்ளை வட்டத்தைத் தொட்டால் போதும். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், குவியத்தைத் திருத்தலாம், படம் எடுக்கலாம். கேமராவைத் திருப்ப மட்டும் இங்கிருந்து முடியாது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தவிர மற்றெல்லாம் அவள் விரல் நுனியில் இருக்கின்றன. அதனால்தான் நேற்றே அத்தனை கவனமாக இருந்தாள். அதனால்தான் இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. வலக்கை வயிற்றின்மேல் போய்ப் படிந்தது. அவள் அதை அனுப்பவில்லை, அதுவாகப் போயிற்று. விடியற்காலையில் பால்காரரின் மணி கேட்டபோது ஒருமுறை அசைந்ததோ, அல்லது அது முந்தின இரவின் நினைவோ, தெரியவில்லை. அதன்பிறகு குழந்தை அசையவே இல்லை.

வளையல்கள் சிணுங்கின. கதவுக்கு வெளியிலிருந்து உடனே குரல் வந்தது.

“என்னாத்தா, சொறியிறியா?”

“இல்ல அத்தை. கைய எடுத்து வெச்சேன்.”

“எடுக்காத, வெக்காத. கைகால மடக்காம மல்லாக்கப் படுத்துக் கெட. நகம் பட்ட எடமெல்லாம் புள்ள மேல தழும்பாப் போயிரும்.”

“சரி அத்தை.”

“சரிங்கிறியே தவிர நீ உக்காந்துதான இருக்க? கட்டில் சத்தம் எனக்குக் கேக்கலன்னு நெனப்பா?”

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள், சன்னலுக்கு முதுகைக் காட்டி. சன்னலை மாமியார் பேச்சியம்மாள் நேற்று மாலையே அடைத்துவிட்டார். கதவிடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்து, அதன்மேல் ஒரு போர்வையை ஆணியடித்து மாட்டி, உச்சியில் மட்டும் கை எட்டாமல் ஒரு சாண் விட்டுவிட்டு, போதும் என்று இறங்கினார். வளைகாப்பு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அந்தக் கண்ணாடி வளையல்களை அன்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தாள். இன்றோ அவை கதவுக்கு வெளியே உளவு சொல்கின்றன. மருத்துவர் சொன்னது இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று. அத்தை சொல்வது நேராக, மல்லாந்து. அவள் இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்திருப்பது எந்தக் கட்சியிலும் சேராது என்பதைப் போல. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள், நிழல் என்றால் என்ன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து விளக்குகிறவள், திண்டுக்கல்லுக்கு நேர் மேலே வளைய கிரகணம் நிகழும் இந்த ஒரு காலையில் அறைக்குள் கிடக்க வேண்டும் என்று அத்தை சொன்னபோது வாதாடத்தான் புறப்பட்டாள். ஓசூரிலிருந்து தொலைபேசியில் கணவன் கதிரேசன்தான் நடுவழி கண்டுபிடித்தான். அம்மாகிட்ட மல்லுக்கட்டாத, கேமராவ மேல வெச்சுட்டு நீ டேப்லெட்ட எடுத்துக்கிட்டு உள்ள உக்காந்துக்க, ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். யாரும் தோற்காத ஏற்பாடு ஒன்றை எட்ட இருந்து செய்துவிட்டு, சன்னல் கொக்கி கழன்று கிடக்கிறதே என்றால் பொங்கலுக்கு வரும்போது மாட்டுகிறேன் என்பான். இரண்டு பொங்கல் போய்விட்டது. ஆனால் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. வெயில் அவள்மேல் படாது. அவள் வானத்தைப் பார்க்கவில்லை, வானம் அனுப்பிய எண்களைப் பார்க்கிறாள். அத்தையின் விதி எதுவும் மீறப்படவில்லை. மீறினாலும் ஒன்றும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால் எப்படித் தெரியும்? ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது எப்படித் தெரியுமோ அப்படி. அப்படியானால் விடியற்காலையிலிருந்து இந்தக் கை ஏன் இங்கேயே கிடக்கிறது?

பசி. பசியாகத்தான் இருக்க வேண்டும். நேற்று விளக்கு வைத்த கையோடு சாப்பிட்டதுதான்; கிரகணம் விடும்வரை தண்ணீர்கூட இல்லை; குடத்தின் மேலும் மாவுப் பாத்திரத்தின் மேலும் தர்ப்பைப் புல் கிடக்கிறது. தாய்க்குப் பசித்தால் பிள்ளை உறங்கும். இது எளிய கணக்கு. இதில் கிரகணத்துக்கு வேலையே இல்லை. கிரகணத்துக்கு வேலை இல்லை என்றால் வேறு எதற்கு வேலை இருக்கிறது என்று மனம் அடுத்த படியில் கால் வைத்தது, அங்கே அந்த முக்காலி நின்றது. நேற்று அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அதைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். இரும்புப் படிகள், குறுகலான திருப்பம், ஒரு கையில் முக்காலி, மறு கையில் கைப்பிடிக் கம்பி. திருப்பத்தில் அதன் கால் கம்பியில் சிக்கியபோது வயிற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அந்த இழுப்பு. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த இழுப்பு மட்டும், முன்னும் பின்னும் இல்லாமல், மீண்டும் மீண்டும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. எடை தூக்காதே என்றார்கள், தூக்கினாள். படி ஏறாதே என்றார்கள், ஏறினாள். ஒரு வளையத்தைப் பார்ப்பதற்காக. திரையைப் பார்த்தாள். கறுப்பு. திரையின் மூலையில் கேமராவின் மின்கலம் முக்காலுக்கு மேல் இருப்பதாகக் காட்டியது. இணைப்பைக் காட்டும் கோடுகளில் ஒன்று மங்கி, மீண்டும் வந்தது. இடையில் ஒரு கான்கிரீட் தளம் இருக்கிறது அல்லவா, சற்று முன்பின்னாகத்தான் இருக்கும்.

கறுப்புத் திரை ஒன்றும் அவளுக்குப் புதிதன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்கேன் அறையில் இதே போலொரு கறுப்பை அவள் அண்ணாந்து பார்த்தபடி படுத்திருந்தாள். நான்காம் மாதம். வயிற்றில் தடவிய களிம்பின் குளிர்ச்சி இப்போதும் தோலில் இருக்கிறது. அங்கே பார்க்கும் கருவியைத் திருப்பத் தெரிந்த கை இருந்தது. அந்த அம்மாள் இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், அழுத்தினார், எடுத்தார், மீண்டும் வைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு வடிவம் வந்தது. வந்ததே தவிர, அதற்குள் துடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் துடிக்கவில்லை. பிறகு அந்த அம்மாள் எதுவும் சொல்லாமல் திரையைத் தம் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். சொல்லை விட அந்தத் திருப்பல்தான் அவளுக்கு முதலில் விளங்கியது. அன்று கிரகணம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இல்லை. அவள் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தாள், இயற்பியல் ஆசிரியை, வெட்கமில்லாமல். அத்தை அன்றும் அதற்குப் பிறகும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எதிர்வீட்டார் சொன்னார்கள், ஸ்கூட்டியில் போனாள் என்றார்கள், பப்பாளி தின்றாள் என்றார்கள். அத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே, அத்தை உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்பது இந்த வீட்டில் எப்போதும் சாத்திக் கிடக்கும் ஓர் அறையாயிற்று. இப்போது குழந்தை அசையவில்லை என்று இந்தக் கதவுக்கு இப்பால் இருந்து சொன்னால், அந்த அறை திறக்கும். மாடிக்குப் போனியா என்று கேட்பார். போனேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே சொல்ல வேண்டாம். முதலில் சூரியன் வரட்டும். சூரியன் வந்துவிட்டால் குழந்தையும் அசைந்துவிடும் என்று யாரோ அவளுக்கு வாக்குக் கொடுத்ததைப் போல அவள் திரையின் கீழ் மூலையை உற்றுப் பார்த்தாள். அங்கே ஒரு துளி வெளிச்சம் வர வேண்டிய நேரம் வந்தது. வந்த நேரம் கடந்தது.

வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்பு சற்றே புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. இன்னும் கூட்டினாள். படம் எடுக்கச் சொல்லித் தொட்டாள். மேலே, அவள் கேட்க முடியாத ஓரிடத்தில், கேமரா சொன்னபடி கேட்டு ஒரு கறுப்பை எடுத்து, சிறிது யோசித்து, ஒழுங்காக அனுப்பி வைத்தது. எல்லாம் இயங்குகிறது. சொன்னதையெல்லாம் செய்கிறது. இல்லாததை மட்டும் காட்ட மறுக்கிறது.

“அத்தை, வெளிய மேகமா இருக்கா?”

“மேகமா? வெட்டவெளிச்சமால்ல இருக்கு. கொஞ்சம் வெளுத்த மாதிரி, ஒரு தினுசா இருக்கு. நான் ஒண்ணும் ஏறிட்டுப் பாக்கலப்பா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. கேமராவுல ஒண்ணும் தெரியல.”

பேச்சியம்மாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்.

“காலையில துணி எடுக்கப் போனேன்ல. கிரகணத்துல கொடியில துணி கெடக்கக் கூடாதேன்னு. ஒன் முக்காலி கொடிக்குக் குறுக்க நந்தி மாதிரி நின்னுச்சு. ஓரமா நகத்தி வெச்சுட்டுத்தான் எடுத்தேன். அதுல ஒண்ணும் இல்லையே?”

“தலையத் திருப்புனீங்களா அத்தை?”

“நான் எதுக்கு அது தலையத் திருப்பப் போறேன்? காலப் புடிச்சுத் தூக்கி வெச்சேன். பூப்போலத்தான் வெச்சேன்.”

ஓரமாக. எந்த ஓரம்? தண்ணீர்த் தொட்டியின் ஓரமா, கைப்பிடிச் சுவரின் ஓரமா? பூப்போலத் தூக்கி வைத்தாலும் கால்கள் ஒரு விரற்கடை திரும்பியிருக்கும். ஒரு விரற்கடை இங்கே திரும்பினால் அங்கே, வானத்தில், எத்தனை சூரியன்கள் அடுக்கினால் அந்தத் தொலைவு நிரம்பும் என்று அவள் கணக்குப் போடத் தொடங்கி நிறுத்தினாள். கேமரா இந்நேரம் ஏதோ ஒரு வெறும் வானத்தை, அல்லது தொட்டியின் சுவரை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சூரியன் அதன் தோளுக்குப் பின்னால் கடந்துகொண்டிருக்கும். அத்தையை மேலே அனுப்பலாமா? அறுபது கடந்தவர், ஏறிட்டுப் பார்த்துவிட்டால்? தானே போகலாமா? கதவைத் தள்ளினால் திறக்கும். அது வெறுமனே சாத்தித்தான் இருக்கிறது. போய்த் திருப்பிவிட்டு வந்துவிடலாம். அந்த இரும்புப் படிகள். அந்தத் திருப்பம். அங்கே மனம் சிக்கிற்று, நேற்று முக்காலியின் கால் சிக்கியதைப் போலவே. சிக்கிய இடத்தில் அவளுக்கு ஒன்று விளங்கிற்று, தான் இத்தனை நேரமாக முக்காலியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்பது. முக்காலி, கொடி, மேகம், மின்கலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஒன்றின்மேல் அடுக்கி மூடிக்கொண்டிருந்தாள். டேப்லெட்டைக் கட்டிலில் வைத்தாள். இரண்டு விரல்களால் வயிற்றின் இடப்பக்கத்தை மெல்ல அழுத்தினாள். உள்ளே ஏதோ ஒன்று நீரில் மிதக்கும் காயைப் போல விலகி, மீண்டும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அது அசையவில்லை; அவள் அசைத்தாள், அது அசைந்து கொடுத்தது. மீண்டும் அழுத்த அவளுக்குத் துணிவில்லை. மாட்டேன், இந்த முறை யாரும் திரையைத் திருப்பிக்கொள்ளும்வரை நான் காத்திருக்க மாட்டேன்.

“அத்தை.”

“என்னாத்தா.”

“புள்ள காலையில இருந்து அசையல.”

கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதியது. ஆனால் பேச்சியம்மாள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுப்படியில் ஏதோ மூடி உருண்டது. அவ்வளவுதான், சாமி அறைக்குப் போகிறார், திருநீறு எடுக்கப் போகிறார், யாருக்கோ தொலைபேசியில் சொல்லப் போகிறார் என்று அமுதவல்லி எண்ணி முடிப்பதற்குள் அவர் ஒரு பெரிய தம்ளரோடு வந்து நின்றார். கருப்பட்டித் தண்ணீர். கரைந்தும் கரையாத கட்டி ஒன்று அடியில் கிடந்தது; தர்ப்பைத் துரும்பு ஒன்று மேலே மிதந்தது.

“குடி.”

“கிரகணம் விடல அத்தை.”

“கிரகணம் கெடக்கு கழுத. குடின்னா குடி. டாக்டரம்மா என்ன சொல்லுச்சு, இனிப்பா எதையாச்சும் குடிச்சுட்டு எடப்பக்கமாச் சாஞ்சு படுக்கச் சொல்லுச்சா இல்லையா? நானும் கூடத்தான உக்காந்திருந்தேன். அரமணி நேரம் பாப்போம். இல்லையா, ஆட்டோவக் கூப்புட்டுப் போயிக்கிட்டே இருப்போம்.”

“நேத்து நான் முக்காலியத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினேன் அத்தை.”

“பின்ன, அது நடந்தா போச்சு? சாக்பீசு கோட்டப் பாத்தப்பவே தெரியும். பேசாமக் குடி.”

அவள் குடித்தாள். இனிப்பு தொண்டையில் இறங்கி, காலி வயிற்றுக்குள்ளே ஓர் ஒழுக்காகப் போவது தெரிந்தது. பேச்சியம்மாள் துரும்பை விரலால் எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவளைத் தோளைப் பிடித்துச் சாய்த்துப் படுக்க வைத்தார். சன்னல் பக்கமாகக் கட்டிலின் விளிம்பில் தாமும் உட்கார்ந்தார்.

“எந்தம்பி சின்னராசுக்கு ஒதட்டுல அந்தத் தையல் இருக்குல்ல,” என்றார், அறையின் எந்தப் பொருளையும் பார்க்காமல். “கிரகணத்தன்னிக்கு எங்கம்மா கத்திரிக்காய் நறுக்குச்சுன்னு ஊரு பூராச் சொல்லுச்சு. நறுக்குச்சோ இல்லையோ, யாருக்குத் தெரியும். பொறக்கையிலயே பொளந்திருந்த ஒதட்ட மதுர ஆசுபத்திரியில ஒட்டிட்டாங்க. எங்கம்மா அந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டே போயிச் சேந்துச்சு. கிரகணத்துல என்ன இருக்கு இல்லைங்கிறது ஒங்க பாடம். ஒன்னய ஒரு நாய் ஒரு சொல்லுச் சொல்லிறக் கூடாதுன்னுதான் நான் அடைச்சு வெச்சேன். இப்பக் குடிச்சத நானும் பாக்கல, நீயும் குடிக்கல. தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது அத்தை.”

அந்தச் சாத்தியிருந்த அறைக்குள் இத்தனை ஆண்டுகளாக இருந்தது இதுதானா? கட்டிலின் கால்மாட்டில் டேப்லெட் தொடுவாரின்றி மங்கி, இணைப்பு இல்லை என்று சிறு எழுத்தில் காட்டிவிட்டு அணைந்தது. பேச்சியம்மாள் குனிந்து, கருப்பட்டி பிசுபிசுத்த உள்ளங்கையை அவள் வயிற்றில் பதித்து, காது கேளாதவர் உதட்டைப் பார்ப்பதைப் போல அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் அதைக் கண்டாள். குனிந்த தலையில், நரைத்த உச்சிக்குச் சற்றுப் பின்னால், ஒரு பித்தான் அளவுக்கு வெளிச்சம். நடுவே இருண்ட வெளிச்சம். குறையில்லாத, மெல்லிய வளையம். சன்னலின் உச்சியில், போர்வை எட்டாத அந்த ஒரு சாணில், கொக்கி கழன்று போன ஆணித் துளை, இருட்டிய அறை, துளை வழியே நேர்கோட்டில் இறங்கும் சூரியனின் உருவம். ஏழாம் வகுப்புப் பாடம். அவள் நடத்தும் பாடம். இத்தனை நேரமும் அது தன் முதுகின்மேல்தான் கிடந்திருக்க வேண்டும். பிறை பிறையாகத் தேய்ந்து கிடந்திருக்க வேண்டும், அவள் திரும்பிப் பாராமல் கறுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம். சொன்னால் அத்தை பதறி எழுந்துவிடுவார். கை போய்விடும். அவள் சொல்லவில்லை. மூச்சையும் மெல்ல விட்டாள்.

“இந்தா,” என்றார் பேச்சியம்மாள்.

“எது?”

“இந்தா, இப்ப.”

“அது பசிச்ச குடல் அத்தை. கருப்பட்டித் தண்ணி போனதும் உருளுது.”

“கொடலுக்குக் காலு இருக்காக்கும்? ஒதைக்குதுடி. இந்தா மறுபடி.”

இம்முறை அவளுக்கும் தெரிந்தது. விலாவுக்குக் கீழே, உள்ளிருந்து, யாரும் அசைக்காமல், உறக்கம் கலைந்த எரிச்சலோடு ஓர் உதை. தொடர்ந்து ஒரு நீண்ட புரளல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து வழுக்கிய வளையம் இப்போது அவள் வயிற்றின்மேல், மஞ்சள் புடவையின் மடிப்பில், உதை விழுந்த இடத்துக்குச் சற்று மேலே கிடந்தது. வயிறு புரளும்போது தானும் நெளிந்தது.

“அதென்ன வெளிச்சம்?” என்றார் பேச்சியம்மாள்.

“சன்னல் கொக்கி ஓட்டை அத்தை.”

“கதிரேசனுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இந்தப் பொங்கலுக்காச்சும் மாட்டச் சொல்லு.”

“சொல்றேன் அத்தை,” என்றாள் அமுதவல்லி, அசையாமல்.